பொம்மைத் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள்

புழல், பெண்கள் சிறை
9.8.2023

மரியாதைக்குரிய ரமா அண்ணிக்கு, குழலி எழுதுவது.

இதைப் பிரிக்காமலேயே நீங்கள் கிழித்துப் போட்டாலும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. உங்கள் தம்பியைக் கொன்றவள் என்று உள்ளே வந்திருக்கிறேன். போனில் கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மதி உங்களோடு எம்.கே.பி. நகர் வீட்டில் இருப்பதாக மகிமா அக்கா வந்து சொன்னார். ராயபுரத்தில் பொம்மைகளுக்குச் சவுரி செய்து விற்பவர், நான் வேலை பார்த்த வீடு, உங்களுக்குத் தெரியும். என் பிள்ளையை விடுதியில் சேர்க்க விடாமல் நீங்களே கூட்டிக்கொண்டு போனீர்களாம். நன்றி என்று எழுதிப் பார்த்தேன், அந்த வார்த்தை போதவில்லை.

சாப்பிடுகிறாளா அண்ணி? இட்லிக்குச் சர்க்கரைதான் தொட்டுக்கொள்வாள், சட்னி தொடமாட்டாள். அடம் என்று நினைத்துவிடாதீர்கள், காரம் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

அந்தப் பொம்மையை அவள் கையை விட்டு இறக்குவதே இல்லை, அதன் தலை சிக்கு விழுந்து கிடக்கிறது என்றும் மகிமா அக்கா சொன்னார். தயவுசெய்து அதற்கு எண்ணெய் வைக்காதீர்கள். அது நம் முடி மாதிரி இல்லை, பிளாஸ்டிக் நூல். எண்ணெயைக் குடிக்காது. மேலேயே நின்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். சுடுதண்ணீரும் கூடாது. இதைச் சொல்லத்தான் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீளமாகப் பதில் எழுத வேண்டாம். பிள்ளை சாப்பிடுகிறாள் என்று ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
கார்குழலி


எம்.கே.பி. நகர்
21.8.2023

குழலிக்கு,

உன் சுகத்தை விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

சாப்பிடுகிறாள். ஆனால் பேசுவதில்லை. வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. இரண்டாம் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். மிஸ் கூப்பிட்டு அனுப்பி, "பிள்ளைக்குக் காது கேட்குதாம்மா?" என்று கேட்கிறார். பக்கத்து வீட்டு ஜனமெல்லாம் "இன்னா பாப்பா, அத்தையாண்ட கூடப் பேச மாட்டியா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

எண்ணெய் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. தேங்காய் எண்ணெய், கை நிறைய. இப்போது தலையணை, பாவாடை, பாய் எல்லாம் பிசுக்கு. நாள் முழுக்க வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் நின்றபடி சேலை மடித்துவிட்டு வந்து இதையும் துவைக்க என்னால் முடியவில்லை. நேற்று அதைப் பிடுங்கி எறியப் போனேன். கையைக் கடித்துவிட்டாள். ரத்தம் வந்துவிட்டது. அடிக்க ஓங்கினேன். ஓங்கின கையை அவள் பார்த்த பார்வையில் அப்படியே இறக்கிவிட்டேன்.

தம்பி டில்லியை நான் இடுப்பில் வைத்து வளர்த்தவள். அம்மா போனபோது அவனுக்கு நடை வரவில்லை. எனக்கு என்று ஒரு பிள்ளை பிறக்கவில்லையே என்று நான் அழாததற்கு அவன்தான் காரணம். அவனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து நைனா படுத்தவர், இன்னும் சரியாக எழுந்து நடமாடவில்லை.

அந்தச் சனியனை எப்படிக் கழுவுவது என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

ரமாபாய்


புழல்
2.9.2023

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நீங்கள் பதில் போட்டது போதும் எனக்கு. கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் முகத்துக்குப் போடும் பவுடரை முடி முழுக்கத் தூவி அப்படியே விட்டுவிடுங்கள். எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். பிறகு உதறிவிட்டு, தலையிலிருந்து சவுரியை மெல்லக் கழற்றுங்கள். ஒட்டியிருக்காது, தொப்பி மாதிரி வரும். பச்சைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு அதில் அமுக்கி எடுங்கள். துணி மாதிரிக் கசக்கினால் நூல் சுருண்டுவிடும். அப்புறம் வாசனைக்காகத் துணி அலசும் திரவம் கலந்த தண்ணீரில் ஊறவிடுங்கள். பிழியாமல் துண்டில் ஒற்றி, ஒரு சொம்பைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி நிழலில் காயவிடுங்கள். உங்கள் பக்கத்துக் காற்றில் கரித்தூள் வரும், மேலே மெல்லிய துணி ஒன்று போடுங்கள்.

சீப்பு அகலப் பல்லாக இருக்கட்டும். நுனியில் ஆரம்பித்து மேலே மேலே போக வேண்டும். சிக்கு வந்தால் அதற்கு மேல் முடியை மடக்கிப் பிடித்துக்கொண்டு வாருங்கள். இழுப்பு வேரில் விழாது.

சீப்பை மதியிடமே கொடுத்துவிடுங்கள் அண்ணி. மகிமா அக்கா வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாருவாள். கை தெரியும் அவளுக்கு.

அடுப்புப் பக்கம் மட்டும் அந்தப் பொம்மையைக் கொண்டுபோக வேண்டாம்.

கார்குழலி


எம்.கே.பி. நகர்
18.9.2023

குழலிக்கு,

நீ எழுதின மாதிரியே கழுவினேன். பிசுக்கு போய்விட்டது. செம்பட்டை என்று நினைத்திருந்தேன், நல்ல கறுப்பு நிறம். மதி சொம்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். சீப்பைக் கொடுத்தேன். நுனியிலிருந்து வாரினாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இடது காதுக்குப் பின்னால் வந்ததும் நிறுத்திவிட்டாள். அங்கே ஒரு கட்டி. கல் மாதிரி இறுகி, ஓரம் கருகி இருக்கிறது. இத்தனை நாள் எண்ணெயிலும் சிக்கிலும் எனக்குத் தெரியவில்லை. பபுள்கம் என்று நினைத்து, "இன்னாடி இது, எத்தையாச்சும் ஒட்டிகினியா?" என்று கேட்டேன்.

"அப்பா அடுப்புல காட்டிச்சி" என்றாள்.

என் வீட்டுக்கு வந்து அவள் பேசின முதல் பேச்சு இது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். இப்படிச் சொல்லச் சொல்லி நீ பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாயா? போலீஸ் வருவதற்குள் சொல்லிக்கொடுத்தாயா? டில்லி குடிப்பான், கத்துவான். இல்லை என்று சொல்லவில்லை. பெற்ற பிள்ளையின் பொம்மையைக் கொளுத்துகிறவன் இல்லை அவன். உண்மையை எழுது.

ரமாபாய்


புழல்
1.10.2023

அண்ணிக்கு,

மதி பேசிவிட்டாள் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்ற வரிகளுக்கு அப்புறம்தான் வந்தேன்.

பெர்சிஸ் என்று ஒரு வக்கீல் பெண், இலவச சட்ட உதவியில் எனக்கு வந்தவர். வழக்கைப் பற்றி யாருக்கும் எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். இங்கேயும் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும்.

நான் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. கன்டெய்னர் யார்டில் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் சவுரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து செய்வதே அவருக்கு ஆகவில்லை. அன்று சாயந்தரம் பெங்களூருக்குப் போக வேண்டிய சவுரிகளைச் சுருட்டி முடித்து வரிசையாக வைத்திருந்தேன். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "வூட்ல ஆம்பள வேலை இல்லாம கீறான், நீ பொம்மைக்குச் சிங்காரிச்சிகினு கீறியா?" என்று வந்தார். பானையை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக நெருப்பில் காட்டினார். அந்த நூல் உருகிச் சொட்டும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோலோடுதான் வரும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியும். உங்கள் சுண்டுவிரல் எப்படிக் கோணலானது என்று ஒருநாள் அவரே என் மடியில் அழுதுகொண்டு சொன்னார். கிரைண்டரில் மாட்டியது என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

கடைசியில் மதியின் பொம்மையை எடுத்தார். அவள் ஓடிவந்து பிடுங்கினாள். அவள் ஜடையைப் பிடித்தார். "வா, உன்னுதையும் சூடு பண்லாம்" என்று தலையை அடுப்புக்குக் கொண்டுபோனார். அம்மிக்குழவி என் கைக்குக் கிடைத்தது.

அவரை நிறுத்தத்தான் அடித்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததும் நான்தான். அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவர் எப்போதும் அப்படி இல்லை. மதி பிறந்தபோது மூன்று தெருவுக்கு மிட்டாய் கொடுத்தவர்தான். அதையும் நான் மறக்கவில்லை.

கார்குழலி


எம்.கே.பி. நகர்
26.11.2023

குழலிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். இரண்டு முறை பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து மதிக்கு நான் ஜடை பின்னினதில்லை. கிட்டே போனால் ஓடுவாள், சரி என்று கிராப் வெட்டி வைத்திருந்தேன். இப்போது வளர்ந்துவிட்டது. திங்கட்கிழமை உட்கார வைத்தேன். சீப்பை வைப்பதற்கு முன்னாலேயே இரண்டு கையாலும் முடியின் வேரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "புட்சி இஸ்துராத அத்தை. நெருப்பாண்ட இஸ்துராத" என்றாள்.

நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை. ரிப்பன் கட்டாமலேயே ஸ்கூலுக்கு அனுப்பினேன். கடைக்குப் போய் யாரோ வாங்கிப்போகிற பட்டுப்புடவையை மடித்துக்கொண்டே அழுதேன். முதலாளி ஞானதுரை அண்ணாச்சி, "என்னம்மா, உடம்புக்கு முடியலையா, வீட்டுக்குப் போ" என்றார்.

விரலைப் பற்றி நீ எழுதியிருக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். உன் வக்கீல் பொண்ணு வந்திருந்தாள். அந்தப் பொம்மையைக் கோர்ட்டில் காட்டினால் உனக்கு நல்லதாம், அதைக் கொடுங்கள் என்றாள். மதியும் வந்து ஜட்ஜிடம் சொல்ல வேண்டுமாம். அதைக் கேட்டதும் பிள்ளை பொம்மையைக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பிடவும் வரவில்லை. தினமும் வாருகிறாள், அந்தக் கட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் சீப்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறாள். என்ன செய்வது என்று சொல்.

ரமாபாய்


புழல்
10.12.2023

அன்புள்ள அண்ணிக்கு,

மழை வெள்ளத்தில் உங்கள் வியாசர்பாடிப் பக்கம் முழுக்கத் தண்ணீர் என்று கேள்விப்பட்டதிலிருந்து இங்கே ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மாடி வீடுதானே என்று என்னையே தேற்றிக்கொள்கிறேன். மதி தண்ணீரில் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்குச் சீக்கிரம் புண் வரும்.

பெர்சிஸிடம் பேசிவிட்டேன். பொம்மையைக் கொடுக்க வேண்டாம். பிள்ளையையும் கூண்டில் ஏற்ற வேண்டாம். "உங்க பக்கம் இருக்கிறது அது ஒண்ணுதான்க்கா, யோசிங்க" என்று அவர் கண்கலங்கிவிட்டார். யோசித்துவிட்டேன். அப்பாவைப் பற்றி நாலு பேர் எதிரே அவள் சொல்ல வேண்டாம். சொன்னால் அந்தச் சாயந்தரத்திலேயே நின்றுவிடுவாள்.

அந்தக் கட்டியை எடுத்துவிடுங்கள். சவுரியை உள்பக்கம் திருப்பினால் வலை மாதிரித் துணியில் முடி வரிசை வரிசையாகத் தைத்திருப்பது தெரியும். கட்டி இருக்கும் வரிசையின் தையலை மட்டும் பிளேடால் பிரியுங்கள். மகிமா அக்காவிடம் அதே நிறத்தில் ஒரு வரிசை கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார். அதே இடத்தில் வைத்துக் கறுப்பு நூலால் தைத்தால் போதும். சேலைக்கு ஓரம் அடிக்கிற கைக்கு இது ஒன்றுமே இல்லை.

நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள், கையால் தொட்டும் பார்த்துவிட்டீர்கள். எனக்கு அது போதும் அண்ணி. கோர்ட்டில் கேட்டால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குழலி


எம்.கே.பி. நகர்
18.1.2024

அன்புள்ள குழலிக்கு,

பொங்கல் கழிந்தது. சாவு வீடு என்பதால் பொங்கவில்லை, பிள்ளைக்காகக் கொஞ்சம் பாயசம் வைத்தேன். வெள்ளம் எங்கள் மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டுப் போனது. கீழ் வீட்டுக் கன்னியம்மா வீட்டு ஜனமெல்லாம் எங்களோடுதான் இருந்தார்கள். கன்னியம்மாவின் பேத்தியோடு மதி விளையாட ஆரம்பித்தாள். "இந்தா, உன் பொம்மைக்கும் வாரி உடட்டா?" என்று மதி பேசினதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

கட்டியைப் பிரித்துவிட்டேன். மதி தூங்கும்போது செய்யவில்லை, எதிரிலேயே உட்கார வைத்துச் செய்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "தூக்கிப் போட்டுறலாமா?" என்றேன். தலையாட்டினாள். குப்பை வண்டி வந்தபோது அவளே போட்டுவிட்டு வந்தாள். புது வரிசையைத் தைத்துக் கொடுத்தேன். நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் நிற்காமல் வாரினாள். வாரி முடித்து, குளிர்பானம் குடிக்கிற குழாயை வெட்டிச் சுற்றிச் சுருள் வைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தாள். சுருள் நிற்க மட்டும் சுடுதண்ணீர் வேண்டுமாம், அதையும் நான்தான் ஊற்ற வேண்டுமாம், அவள் தள்ளி நின்றுகொண்டாள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பஸ் போர்டையெல்லாம் படிக்கிறாள்.

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். என் தம்பி சாம்பலாகிப் போனான். ஆனால் பிள்ளை சொன்னதை நான் நம்புகிறேன். கேட்டால் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரமா அண்ணி


எம்.கே.பி. நகர்
2.9.2024

குழலிக்கு,

தீர்ப்பு வந்த அன்றைக்கே எழுத வேண்டும் என்றிருந்தேன். ஆயுள் என்று நைனாதான் வந்து சொன்னார். அதற்கப்புறம் பேனாவை எடுக்க இத்தனை நாள் ஆகிவிட்டது.

நான் சாட்சி சொன்ன அன்று நீ கூண்டில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் பக்கம் திரும்பவில்லை.

சொல்லத்தான் கிளம்பினேன். என் அம்மா மேல் ஆணை. ஆட்டோவில் ஏறினதும் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரமா, அவன் பேரக் கெட்த்துராத. செத்தவன் எய்ந்து வந்து பதில் சொல்ல மாட்டான்" என்றார். அவருக்கு வயது என்ன, உடம்பு என்ன, உனக்குத் தெரியும். கோர்ட்டில் முன் பெஞ்சில் கம்பை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் ஜனம் அத்தனையும்.

உன் வக்கீல் பொண்ணு நல்லவிதமாகத்தான் கேட்டாள். "உங்க தம்பி குழந்தையோட பொம்மையை எரிச்சதுக்கான அடையாளம் நீங்க பார்த்தீங்களா?" என்றாள். பார்க்கவில்லை என்றேன். "குழந்தை உங்ககிட்ட ஏதாவது சொல்லுச்சா?" என்றாள். குழந்தை பேசுவதில்லை என்றேன். "உங்களை அவர் எப்பவாவது அடிச்சிருக்காரா?" என்றாள். கையைப் புடவைக்குள் விட்டுக்கொண்டு, இல்லை என்றேன். ஒன்று சொன்ன பிறகு மற்றது தானாகவே வந்துவிட்டது.

இறந்துபோன டில்லிபாபு என்று அவர்கள் படித்தபோது அவன் என் இடுப்பில் இருந்தது போலவே இருந்தது, குழலி. அவன் மேல் இன்னும் மண்ணைப் போட என்னால் முடியவில்லை. இதை நீ புரிந்துகொள்வாய் என்று எழுதவில்லை. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மதியை என் உயிராக வைத்துக்கொள்வேன். அதில் ஒரு குறையும் வராது. வாரத்தில் ஒருநாள் பிள்ளையைத் தன் வீட்டுக்கு அனுப்புவாயா என்று மகிமா கேட்கிறாள். அனுப்புகிறேன்.

அன்று கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பிள்ளை, "கோர்ட்டுல இன்னா கேட்டாங்க அத்தை?" என்றாள். ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன்.

ரமாபாய்


புழல்
22.9.2024

ரமாபாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மேல்முறையீடு செய்யலாம் என்கிறார் பெர்சிஸ். காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். உங்கள் கடிதங்கள்தான் இருக்கின்றன, அவற்றைக் காட்டினால் பொய்சாட்சி என்று உங்களைப் பிடிப்பார்கள், பிள்ளை விடுதிக்குப் போவாள், அதனால் காட்டவில்லை.

உங்களைத் திட்டிப் பல பக்கம் எழுதினேன். இங்கே பக்கத்தில் படுப்பவள், லூர்து என்று பெயர், அதைப் படித்துவிட்டு "பிள்ளை அவங்களாண்ட கீது, அத்த நெனச்சிக்கோ" என்று என் கையில் கொடுத்தாள். கிழித்துவிட்டேன். மதியை விட்டுவைக்க எனக்கு வேறு இடம் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக அவளை நன்றாக வளர்க்கிறீர்கள். அதற்கு இப்போதும் கைகூப்புகிறேன்.

பொம்மையை நான்தான் கொடுக்க வேண்டாம் என்றேன். கட்டியை நான்தான் எடுக்கச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவள் நிற்காமல் வாரினாள் என்று நீங்கள் எழுதினீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. உங்களை நம்பினேனே, அதற்குத்தான் இங்கே ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.

இது உங்களுக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம். இனிமேல் மதியின் பெயருக்கே எழுதுவேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள் என்றீர்கள், சின்னச் சின்ன வார்த்தையாகப் போட்டு எழுதுகிறேன். பிரிக்காமல் அவள் கையில் கொடுங்கள். அவள் பதில் எழுதினால் திருத்தாமல் அனுப்புங்கள். மனு போட்டு என்னைப் பார்க்க அவள் வருவதா வேண்டாமா என்பதை, அவளாகக் கேட்கும் வயது வரட்டும், அப்போது அவளே முடிவு செய்யட்டும்.

இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது. என்றைக்காவது ஒருநாள் அவள் உங்களிடம் வந்து, அப்பா அப்படிச் செய்தது நிஜமா, இல்லை நான் கனவு கண்டேனா என்று கேட்பாள். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். கோர்ட்டில் சொன்னதை அவளிடமும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் தம்பியை எவ்வளவு வேண்டுமானாலும் நல்லவர் என்று சொல்லிக்கொள்ளுங்கள், என்னை எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். பார்த்ததை அவள் பார்க்கவே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் அவள் மறுபடியும் வாயை மூடிக்கொள்வாள். அதைத் திறக்க இன்னொரு முறை என்னால் முடியாது.

கார்குழலி